சம்பந்தி ஓட்டிய வண்டி

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். மோர் வருகிறது. வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஊற்றியாகிவிட்டது.

நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள். கார் எப்படிக் கோயில் குளத்துக்குள் போனது என்று விசாரித்து எழுதிக்கொண்டு போக வந்திருக்கிறீர்கள். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டீர்கள். கதவைத் திறந்தால் இன்னும் பாசி நாறுகிறது என்று மெக்கானிக் சொன்னான். சீட்டுக்கு அடியில் ஒரு கெண்டை மீன் கிடந்ததாம். அது என் கணக்கில் வராது. கேள்விக்கு வருவோம்.

உங்கள் அனுமதியோடுதான் அவர் வண்டியை ஓட்டினாரா. இதுதானே கேள்வி? பதில், இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். வைரக்கண்ணு, கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், காரின் சொந்தக்காரன், அனுமதி கொடுக்கவில்லை. முடிந்தது. மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

ஏன் எழுதாமல் பார்க்கிறீர்கள்?

தெரியும் தம்பி. சேவியர் எல்லாம் சொல்லிவிட்டான். சேவியர் என் இன்சூரன்ஸ் ஏஜென்ட். சொந்தக்காரன் அனுமதி இல்லாமல் வண்டியை எடுத்தால் அது திருட்டு. திருட்டு என்றால் போலீஸில் எழுதிக் கொடுக்கணும். திருடன் யார் என்று கேட்டால் என் மகளுடைய மாமனார் என்று சொல்லணும். சொல்லாவிட்டால் கம்பெனி பைசா தராது. கார் போய்விட்டது. ஆனால் பாங்குக் கடன் போகவில்லை. இன்னும் நாலு வருஷத்துக்கு மாதா மாதம் என் பென்ஷனில் இருந்து தவணையை எடுப்பான், இல்லாத காருக்கு. அனுமதி கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை, சொல்கிறேன்.

ஓட்டினது அடைக்கலம். எதிர் வீடு. இங்கே இருந்தே தெரியும் பாருங்கள், அந்தப் பச்சைக் கம்பி ஜன்னல். எட்டிப் பார்க்காதீர்கள், நாம் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். அறந்தாங்கி புதுக்கோட்டைத் தடத்தில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். ஒரே வண்டியில் காலத்தைத் தள்ளினோம். அப்போது அவன் இவன்தான், வாடா போடாதான். பிறகு அவன் மகனுக்கு என் மகள் சுகந்தியைக் கொடுத்தேன். பந்தலில் மாலையைப் போட்டதோடு வாடா போடா போயிற்று. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லையா? வாங்க சம்பந்தி, உட்காருங்க சம்பந்தி. இரண்டு பேருக்கும் நாக்கு சுளுக்கிக்கொண்டது. ஒரே பொட்டலத்தில் கை விட்டு வடை தின்றவர்கள். இப்போது தட்டில் இருக்கிற வடையை எடுக்க ஆளுக்கு இரண்டு தடவை உபசாரம். வடை ஆறிப்போய்விடும்.

அது கிடக்கட்டும். கார் எப்படி வந்தது? மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறார். அப்பாவுக்கும் மாமாவுக்கும் வயசாகிறது, அப்பாவுக்குச் சர்க்கரை வேறு, ஆஸ்பத்திரி, கோயில் என்று போக ஒரு வண்டி வேண்டும் என்றார். முன்பணம் அவர் கட்டினார். மீதிக்குக் கடன். அடைக்கலத்தின் பென்ஷனில் ஏற்கெனவே வீட்டுக் கடன் ஓடுகிறது. அதனால் என் பேரில். கடன் என் பேரில், கார் என் பேரில், இன்சூரன்ஸ் என் பேரில். ஆர்.சி. புத்தகத்தில் என் பேருக்குக் கீழே பாங்கின் பேரும் இருக்கும். கடன் தீருகிற வரைக்கும் அப்படித்தான் இருக்குமாம்.

எனக்கு ஓட்டத் தெரியாது. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. வண்டி ஓட்டுவது கண்டக்டர் வேலை இல்லை. வண்டியை ஓட வைப்பதுதான் கண்டக்டர் வேலை.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. அவர் முன்னால், நான் பின் சீட்டில் இடது ஓரம். விசில் சட்டைப்பையில் இருக்கும். ஆமாம், இன்னும் வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்களா? ரெண்டு விசில் கொடுத்தால் எடுப்பார். ஒரு விசில் கொடுத்தால் நிறுத்துவார். விசில் இல்லாமல் கிளட்சில் இருந்து காலை எடுக்க மாட்டார். பின்னால் எடுக்கணும் என்றால் நான் இறங்கிப் பின்னால் போய் நிற்பேன். தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் கதவிலெல்லாம் கீறல் இருக்கிறது. என் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

அந்த வண்டியே பின்னால் ஏதாவது வந்தால் பீப் பீப் என்று கத்தும். முன்னால் ஒரு சின்னத் திரையில் படமும் காட்டும். அடைக்கலம் முதல் நாளே அந்தத் திரையின் மேல் பேரனுடைய போட்டோவை ஒட்டிவிட்டார். பீப் சத்தத்தை அவர் மதித்ததே இல்லை. மனுஷன் நிற்கும்போது மெஷின் பேச்சை எதற்குக் கேட்கணும் என்பார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நேரம் வந்தது. அங்கேதான் சனி பிடித்தது.

சேவியர் இதே இடத்தில் உட்கார்ந்து விளக்குகிறான். விபத்தில் சொந்தக்காரர் போய்விட்டால் குடும்பத்துக்குப் பணம் உண்டு, ஆனால் சொந்தக்காரருக்கு லைசென்ஸ் இருக்கணும் என்றான். எனக்கு இல்லை. அப்படியென்றால் நான் செத்தால் ஒன்றும் கிடையாதா என்றேன். நீங்கள் ஓட்டிக்கொண்டு போய்ச் செத்தால்தான் சார் என்றான். நான்தான் ஓட்ட மாட்டேனே என்றேன். அப்போ அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம் சார் என்றான். இவனிடம் என்ன பேசுவது?

சரி, ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆனால்? அதற்கு ஒரு கட்டம் இருந்தது. சம்பளத்துக்கு வைத்த டிரைவர் என்று போட்டிருந்தது. ஐம்பது ரூபாய். டிக் போடு என்றேன்.

இது தப்பா தம்பி? நீங்களே சொல்லுங்கள். என் பையில் இருந்து ஐம்பது ரூபாய் எடுத்து அந்த மனுஷனுக்குப் பாதுகாப்பு வாங்கினேன். வேறு யார் வாங்கிக் கொடுப்பார்கள்?

சேவியர் டிக் போட்டுவிட்டு, அவருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்களா என்று கேட்டான். சம்பந்திக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்றேன். அப்படியென்றால் இந்தக் கட்டம் செல்லாது, நாளைக்கு ஒன்று என்றால் சம்பளம் கொடுத்ததுக்கு அத்தாட்சி கேட்பார்கள் என்றான். ஐம்பது ரூபாய் கட்டியாகிவிட்டது. அதைச் செல்லாமல் விடுவதா? ஒரு வவுச்சர் எழுதினேன். டிரைவர் சம்பளம், மாதம் நூறு ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டினேன். நூறு ரூபாய்க்கு ஸ்டாம்பு தேவையில்லைதான். ஆனாலும் ஒரு முறை இருக்கிறது. நேரே எதிர் வீட்டுக்குப் போனேன்.

அவர் வீட்டில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய அண்ணன் வீட்டுக்காரர்கள், திருப்பத்தூரில் இருந்து. நான் நேரம் காலம் பார்க்கிற ஆள் இல்லை. வவுச்சரை நீட்டினேன். நூறு ரூபாயை மேலே வைத்தேன். பேனாவையும் திறந்து கொடுத்தேன். அந்த அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கி, டிரைவர் சம்பளம் என்று சத்தமாகப் படித்தான். படிக்கச் சொன்னது யார்?

அடைக்கலம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு வந்திருப்பேன். மெதுவாகச் சொன்னார். "சம்பந்தி, கல்யாணத்தன்னிக்கு மாலை போட்டு என்னைக் கூட்டிட்டுப் போனீங்க. இன்னிக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துக் கேக்குறீங்க."

நான் உள்ளதைச் சொன்னேன். "மாலைக்கு இன்சூரன்ஸ் கிடையாது சம்பந்தி."

என்ன தப்பு இதில்? கிடையாதுதானே? கம்பெனிக்காரர் நீங்களே இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். மாலைக்கு உண்டா?

அப்புறம் அவர் ஒன்று சொன்னார். அதை நான் மறக்க மாட்டேன். "கார் உங்களுதா? புத்தகத்துல பாங்கு பேருல்ல இருக்கு. வேணும்னா பாங்கு மேனேஜர் வந்து எனக்குச் சம்பளம் கொடுக்கட்டும். வாங்கிக்கிறேன்." அந்த அண்ணன் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். மாதா மாதம் தவணை கட்டுகிறவன் நான். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இனிமேல் என் வண்டியில் நீங்கள் கை வைக்கக் கூடாது என்றேன். கும்பிட்டுக் கேட்டாலும் வைக்க மாட்டேன் என்றார். தெருவே கேட்டது. அன்றைக்கு நின்றது பேச்சு. நூறு ரூபாயை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செண்பகம், மோர் கொண்டுவந்தால் வைத்துவிட்டுப் போ. நின்று கேட்காதே. என் வீட்டுக்காரி தம்பி. இவள் என்ன சொன்னாலும் எழுதாதீர்கள். அந்த வவுச்சரை மடித்து இன்னும் என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்று சொல்வாள். வைத்திருக்கிறேன். அத்தாட்சி.

அதற்குப் பிறகு மூன்று மாதம் வண்டி வாசலில் நின்றது. உறை போட்டு நின்றது. தவணை மட்டும் ஓடியது. நிற்கிற வண்டிக்குத் தவணை கட்டுவது வயிற்றெரிச்சல். அதனால் தினமும் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் உறையைப் பாதி தூக்கிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்துவிடுவேன். சாவியை முன்னால் மாட்டி வைப்பேன், மடியில் இருந்தால் குத்தும். ஒரு பக்கம் படித்துவிட்டு இறங்கிவிடுவேன். கட்டுகிற காசுக்கு உட்காரவாவது வேண்டாமா?

எதிர் ஜன்னலில் அவர் நின்று பார்ப்பார். நானும் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். வண்டி என்னவோ தூசு படியாமல் இருந்தது. டயரிலும் காற்று குறையவில்லை. உறை போட்டால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. செண்பகம் ஏதோ சொல்ல வந்தாள், விடியும் முன்னால் யாரோ வந்து துடைக்கிறார்கள் என்று. இவளுக்குத் தூக்கம் கிடையாது. எதையாவது சொல்வாள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். பேனாவை மூடாதீர்கள்.

பேரனுக்குப் பிறந்த நட்சத்திரம். சுகந்தி மஸ்கட்டில் இருந்து போன் செய்தாள். சிவன் கோயிலில் அர்ச்சனை செய்யணும், அப்பாவும் மாமாவும் சேர்ந்து போங்கள் என்றாள். எனக்குத் தனியாகச் சொன்னாள், அவருக்கும் தனியாகச் சொல்லியிருக்கிறாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் மாட்டேன் என்று அர்த்தம். குளித்தேன், வேட்டி மாற்றினேன், தேங்காய்ப் பழக்கூடையை எடுத்துக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். பேப்பர் படிக்க.

கூடை எதற்கு என்று கேட்கிறீர்களா? கையில் இருந்தது, எடுத்துப்போனேன்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அவரும் குளித்து விபூதி பூசியிருந்தார். வந்தார். உறையை முழுக்க எடுத்தார். மடித்தார். மூலை சேர்த்து ஒழுங்காக மடித்தார், அதைச் சொல்லியாகணும். டிக்கியில் வைத்தார். முன் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். ஆனால் வண்டியை நகர்த்தவில்லை. காத்திருந்தார்.

எதற்கா? விசிலுக்கு.

கொடுக்கவில்லை தம்பி. சத்தியமாகக் கொடுக்கவில்லை. இருமினேன். தொண்டையில் ஏதோ. ரெண்டு தடவை இருமினேன். அவர் எடுத்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், இது அனுமதியா? இல்லை. வேண்டாம் என்று சொன்னீர்களா என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? பேச்சே இல்லையே. பேசாத மனுஷனிடம் எடு என்றும் சொல்ல முடியாது, எடுக்காதே என்றும் சொல்ல முடியாது. வாயைத் திறந்து எடுக்காதே என்றால் பேசியதாக ஆகிவிடும். இறங்கியிருக்கலாமே என்பீர்கள். என் காரில் இருந்து நான் ஏன் இறங்கணும்?

கோயிலுக்குப் போனோம். அர்ச்சனை ஆயிற்று. குருக்கள் கோத்திரம் கேட்கிறார், நட்சத்திரம் கேட்கிறார். நான் நட்சத்திரம் சொன்னேன், அவர் பேர் சொன்னார். குருக்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிரசாதம் ஒன்றாகக் கொடுத்தார். நான் தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டேன், அவர் பழத்தை எடுத்துக்கொண்டார். வந்து உட்கார்ந்தோம்.

குளக்கரைச் சந்து உங்களுக்குத் தெரியாது. திருப்ப முடியாது. பின்னால் எடுத்துத்தான் வெளியே வரணும். ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் குளத்துப் படிக்கட்டு. மழை பெய்து குளம் நிறைந்து கிடந்தது. அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். போட்டதும் என் கால் தானாக இறங்கிவிட்டது. பழக்கம். இறங்கிப் பின்னால் போய் நின்றேன். கையும் தானாகப் பைக்குள் போனது. ரெண்டு விசில் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் உறைத்தது. மூன்று மாதம் கட்டிக் காத்த வைராக்கியம், ரெண்டு விசிலில் போய்விட்டதே. பேசியது மாதிரிதானே? எனக்கு என் மேலேயே கோபம். விசிலைப் பையில் போட்டேன். இனி ஊதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வண்டி வருகிறது. மெதுவாக, ஒழுங்காக. அவர் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. பீப் பீப் என்று மெஷின் கத்துகிறது. அவர் கேட்கவில்லை. திரையில் பேரன் சிரிக்கிறான். பின் சக்கரம் படிக்கட்டு ஓரத்துக்கு வந்தது. இங்கே ஒரு விசில் வரணும். அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஊதினால் என்ன ஆகும்? சமாதானம் என்று ஆகிவிடும். யார் முதலில் இறங்கி வந்தது? வைரக்கண்ணு. திருப்பத்தூர் வரைக்கும் பேசுவார்கள்.

நான் ஓரமாக ஒதுங்கினேன், வண்டி என்னைத் தாண்டி முதல் படியில் டொக் என்று இறங்கியது. அவர் ஒரு கணம் நிறுத்தினார். காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு வேகத்தடை என்று நினைத்திருப்பார், எடுத்தார். இரண்டாவது படி. அதற்கப்புறம் பாசி. பிரேக்கை மிதித்தார், விளக்கெல்லாம் சிவப்பாக எரிந்தது. ஆனால் வண்டி தன் பாட்டுக்குப் படி படியாக இறங்கிப் போனது. டிக்கி தண்ணீருக்குள் போனது. பின் சீட்டு போனது. என் கூடை மிதந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இறங்கவில்லை. கண்டக்டர் சொல்லாமல் டிரைவர் சீட்டை விட்டு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

தண்ணீர் ஜன்னலுக்கு வந்தது.

அப்போது நான் கத்தினேன். "டேய் அடைக்கலம், இறங்குடா."

இதை எழுதாதீர்கள். இது பேச்சில் சேராது. முழுகுகிற ஆளைக் கூப்பிடுவது பேச்சாகுமா? எனக்கு நீச்சல் தெரியாது, ஆனாலும் நாலு படி இறங்கிவிட்டேன், வேட்டியெல்லாம் நனைந்தது. அவர் ஜன்னல் வழியாக உடம்பை வெளியே இழுத்துக்கொண்டு வந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றார். விபூதி கரைந்துபோயிருந்தது. சாவி கையில். மூச்சு வாங்குகிறது. என்னைப் பார்த்து முதல் வார்த்தையாக என்ன சொன்னார் தெரியுமா? அடிபட்டதா என்றா, வண்டி போயிற்றே என்றா? இல்லை. "டேய்னா சொன்னீங்க, சம்பந்தி?"

குளத்தங்கரையே கூடிவிட்டது. செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறான் ஒருத்தன். கோயில் ஆபீசர் குளத்துக்குப் பரிகாரப் பூஜை வைக்கணும் என்கிறார். சம்பந்திக்கு அந்த நேரத்திலும் மரியாதைதான் கவலை. நான் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். அவர் பத்தடி பின்னால் நடந்து வந்தார். சொட்டச் சொட்ட. அத்தோடு சரி.

இதுதான் நடந்தது. இப்போது எழுதுங்கள். அனுமதி இல்லை.

என்ன அது? எதிர் வீட்டுக்கு முதலில் போய்விட்டு வந்தீர்களா? அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். லைசென்ஸைக் காட்டினாரா? காட்டியிருப்பார். ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருப்பார், அதில் குறை சொல்ல முடியாது. வாக்குமூலமும் எழுதி வாங்கிவிட்டீர்களா? படியுங்கள். என் கண்ணாடி உள்ளே இருக்கிறது. நீங்களே படியுங்கள்.

நிறுத்துங்கள். இன்னொரு தடவை படியுங்கள்.

"சொந்தக்காரர் அந்த இடத்தில் இல்லை. வீட்டில் இருந்தார். நான் தனியாகத்தான் எடுத்தேன். பின்னால் எடுக்கும்போது யாரும் நிற்கவில்லை. யாரும் சைகை காட்டவில்லை. தவறு முழுக்க என்னுடையது."

இப்படியா சொன்னார்? அவர் வாயாலா?

இருங்கள். இதைச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள்? பின்னால் நின்று வழி காட்டியவர் யாராவது இருந்தால் அவரையும் விசாரிப்போம், அவர் மேலும் பொறுப்பு வரலாம் என்றீர்களா? அதற்குப் பிறகுதான் இப்படிச் சொன்னாரா? அது வேறு விஷயம். அதற்கும் இதற்கும் என்ன?

யாரும் நிற்கவில்லையாம். கேட்டாயா செண்பகம்? நான் இல்லையாம். கண்டக்டர் இல்லாமல் வண்டியை எடுத்தாராம். இவரா? ஒரு தடவை புதுக்கோட்டையில் நான் டீக்கடையில் நின்றுவிட்டேன், பயணிகள் அத்தனை பேரும் கத்துகிறார்கள், ஸ்டாண்டில் இருக்கிற டைம் கீப்பர் வந்து திட்டுகிறான். என் விசில் கேட்காமல் இந்த மனுஷன் வண்டியை ஒரு சாண் நகர்த்தவில்லை. அதற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். அப்படிப்பட்டவர் தனியாக எடுத்தாராம், தனியாக ரிவர்ஸ் வந்தாராம். இதை ஆபீசில் படிக்கிறவன் என்ன நினைப்பான்? அடைக்கலம் கண்டபடி வண்டி எடுக்கிறவன் என்று நினைக்க மாட்டானா? சர்வீஸ் முழுக்க ஒரு விபத்து கிடையாது அவருக்கு. ஒரு ஆட்டுக்குட்டி கூட அடிபட்டதில்லை.

அடியுங்கள் அதை. அழியுங்கள். புதுத் தாள் எடுங்கள், நான் சொல்கிறேன், எழுதுங்கள்.

சொந்தக்காரர் அந்த இடத்தில் இருந்தார். வண்டிக்குப் பின்னால், வலது ஓரமாக, டிரைவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றார். நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றார். அதை எழுதுங்கள். சொந்தக்காரர் ரெண்டு விசில் கொடுத்தார். டிரைவர் எடுத்தார். சொந்தக்காரர் அதற்கு மேல் விசில் கொடுக்கவில்லை. அதனால் டிரைவர் நிறுத்தவில்லை. டிரைவர் மேல் தவறு இல்லை. கொட்டை எழுத்தில் எழுதுங்கள், டிரைவர் மேல் தவறு இல்லை.

யார் மேல் தவறா? பாசி மேல். அங்கே பாசி இருந்தது என்று சொன்னேனே. கோயில்காரர்கள் படியைத் தேய்த்திருக்கணும்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

ரெண்டு விசில் என்றால் என்ன அர்த்தமா? என்ன கேள்வி இது? சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். போகலாம் என்று அர்த்தம். சொந்தக்காரர் போகலாம் என்றால்?

ம்.

சரி. எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லவில்லை, விசில் சொன்னது. ஆனால் விசில் என்னுடையது. அனுமதி இருந்தது. போதுமா? எங்கே கையெழுத்து? இங்கேயா? இங்கேயும்? கொடுங்கள்.

இன்னும் என்ன? அவர் சொன்னதும் நான் சொன்னதும் முட்டுகிறதா? இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஆபீசில் ஏற்பார்களா? அவர் திருப்பி வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போடணுமா? உங்கள் முன்னால்? என் முன்னாலும்?

கூப்பிடுங்கள். எதிர் வீடுதானே. இங்கே இருந்து கை காட்டினாலே வருவார், ஜன்னலில்தான் நிற்கிறார், அப்போதிருந்து நிற்கிறார். நான் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டாம். கம்பெனி கூப்பிடுகிறது என்று சொல்லுங்கள். வர மாட்டேன் என்றால், வைரக்கண்ணு எல்லாவற்றையும் தப்புத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டான், வந்து திருத்துங்கள் என்று சொல்லுங்கள். செருப்புக்கூடப் போடாமல் வருவார்.

செண்பகம், அந்த ஆடுகிற நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு நல்ல நாற்காலி ஒன்று கொண்டுவா. ஒரு டீயும் போடு. யாருக்கு என்று கேட்காதே. சர்க்கரை போடாதே.